மூளையின் அழற்சியும் மனத்தின் துயரும்

(நம் கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவையொட்டி ஒகேனக்கல்லில் நடைபெற்ற இளைஞர் முகாமில் ஆற்றிய உரை)

 

நாம் கூடியிருக்கும் இவ்வூரின் பெயருக்குக் கன்னட மொழியில் 'புகையும் கல்' என்பது பொருள். தொலைவில் நின்று நோக்குவார்க்குப் பாறைகளினின்று புகை எழுவதுபோலத் தோன்றும். அருகே சென்று முகம் நனைந்தவரோ அது புகையன்று, நீர்த்திவலை என்று உணர்வர். தொலைவில் நிற்பவன் அஞ்சுகிறான். நெருங்கிப் பார்ப்பவன் தெளிகிறான். கல்வி என்பது இந்த நெருங்கிப் பார்த்தலே அன்றி வேறில்லை.

இம்மாவட்டமே அதற்குச் சான்று பகரும். நம் பாட்டன், பாட்டிமார் காலத்தில் பல சிற்றூர்களில் பிள்ளைகளின் பற்கள் பழுப்பேறிக் கிடந்தன. நடுவயதிலேயே முதுகு விறைத்தது, கால் வளைந்தது. 'தலையெழுத்து' என்று சொல்லி அமைந்தனர். ஆனால் அக்காலத்திலேயே, 1937ஆம் ஆண்டில், அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் இந்நோயை ஆராய்ந்த மருத்துவர்கள், கிணற்று நீரில் மிகுதியாகக் கலந்திருந்த புளோரைடே இதற்குக் காரணம் என்று எழுதிவிட்டனர். ஒரு லிட்டர் குடிநீரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் அது இருத்தலாகாது என்பது இன்றைய அளவு. காரணம் தெரிந்த பின்னரே பரிகாரம் பிறந்தது. 2008இல் அடிக்கல் நாட்டப்பெற்று, 2013 மே 29 அன்று தொடங்கி வைக்கப்பெற்ற ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தால் காவிரி நீர் தருமபுரி, கிருட்டிணகிரி மாவட்டங்களின் ஊர்களுக்குச் செல்கிறது. தலையெழுத்து என்று எண்ணியது தண்ணீரில் இருந்தது. தண்ணீரை மாற்ற முடிந்தது.

பல்லைப் பற்றியும் எலும்பைப் பற்றியும் தெளிந்துவிட்ட நாம், மனநோயைப் பற்றி இன்னும் தெளியவில்லை. அங்கே இன்றும் விதி என்கிறோம், பேய் என்கிறோம், சோம்பல் என்கிறோம். அதைப் பற்றியே இன்று உங்களோடு பேச விழைகிறோம்.

ஒரு மாணவியின் கதை

சில ஆண்டுகளுக்கு முன், நாம் பணியாற்றிய ஒரு பள்ளியில் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி. நம் சமூகத்துப் பெண். கணக்கில் வகுப்பில் முதல்வள். சில நாள்கள் தலைவலியும் காய்ச்சலும் இருந்தன. பின்னர் உறக்கம் அற்றுப் போயிற்று. திடீரெனச் சிரித்தாள், திடீரென அலறினாள், எவரோ தன்னைத் தொடர்ந்து வருவதாகச் சொன்னாள். தேர்வுக்கு அஞ்சி நடிக்கிறாள் என்று ஆசிரியர் அறையில் பேச்சு எழுந்தபோது, நாமும் தலையசைத்தோம் என்பதை வெட்கத்தோடு சொல்லிக்கொள்கிறோம். வீட்டாரோ பேய் பிடித்ததென்று பூசாரியிடம் அழைத்துச் சென்றனர். வேப்பிலை அடியும் பட்டினியுமாகப் பதினொரு நாள்கள் கழிந்தன. பன்னிரண்டாம் நாள் வலிப்புக் கண்டது. அதன் பின்னரே மருத்துவமனை, அங்கிருந்து பெங்களூர்.

முதுகுத் தண்டிலிருந்து எடுத்த நீரைச் சோதித்த மருத்துவர்கள் உண்மையைக் கண்டறிந்தனர். அவளுடைய உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே வழி தவறி, அவளுடைய மூளையைத் தாக்கியிருந்தது. 'எதிர் என்.எம்.டி.ஏ. ஏற்பி மூளை அழற்சி' என்பது அந்நோயின் பெயர். ஜோசப் டால்மாவ் என்னும் மருத்துவ அறிஞரும் அவருடைய குழுவினரும் 2007இல்தான் இதனை இன்னதென்று இனங்கண்டு உலகிற்கு அறிவித்தனர். பெரும்பாலும் இளம் பெண்களையும் குழந்தைகளையும் பற்றுவது. தொடக்கத்தில் மனநோய் போலவே தோன்றுவது. சிலருக்குக் கருப்பையை அடுத்த சூலகத்தில் தோன்றும் கட்டியே இதனைத் தூண்டிவிடும். காலத்தே கண்டு மருந்தளித்தால் பெரும்பாலோர் தேறிவிடுகின்றனர். நம் மாணவியும் தேறினாள். ஓராண்டு பிந்தித் தேர்வு எழுதி வெற்றி பெற்றாள்.

இளைஞர்களே, 2007க்கு முன் இந்நோய் இல்லாமலா இருந்தது? எத்தனை ஊர்களில் எத்தனை பெண்கள் பேய் பிடித்தவர் என்று அடிக்கப்பட்டனரோ! அவர்களுள் சிலர் இவளைப் போன்றவராய் இருந்திருத்தல் கூடும். அந்தப் பதினொரு நாள்களை எண்ணும்போதெல்லாம் நம் நெஞ்சு சுடுகிறது.

அழற்சி என்பது யாது?

காலில் முள் தைக்கிறது. அவ்விடம் சிவக்கிறது, வீங்குகிறது, சுடுகிறது, வலிக்கிறது. இது நோயன்று, உடல் தன்னைக் காத்துக்கொள்ளும் போர். இதற்கு அழற்சி என்று பெயர். முள் நீங்கியதும் போர் ஓய வேண்டும். ஓயாத போர் ஊரை அழிப்பது போல, ஓயாத அழற்சி உடலை அழிக்கும்.

மூளைக்குள்ளும் காவலர் உண்டு. 'மைக்ரோக்ளியா' என்னும் நுண்ணிய செல்களை 1919இல் ஸ்பெயின் நாட்டு அறிஞர் பியோ டெல் ரியோ ஒர்த்தேகா தனியாகப் பிரித்துக் காட்டினார். அவை அமைதிக் காலத்தில் மூளையைச் சுற்றிப் பார்த்துப் பழுது நீக்குகின்றன. பகை புகுந்தால் போர்க்கோலம் கொள்கின்றன. மூளை அழற்சியில் இவற்றுக்குப் பெரும்பங்கு உண்டு.

இந்நோய் நமக்குப் புதியதன்று. கொசுவின் வழியே பரவும் 'ஜப்பானிய மூளைக்காய்ச்சல்' இந்தியாவில் முதன்முதலாக அறியப்பட்டது, 1955ஆம் ஆண்டில், அன்றைய வடஆர்க்காடு மாவட்டத்து வேலூரில்தான். இன்று அதற்குத் தடுப்பூசி உண்டு. அதுவும் ஒரு காலத்தில் அம்மனின் சினம் என்று அஞ்சப்பட்டிருக்கும். இன்று கொசுவின் வேலை என்று எட்டாம் வகுப்புப் பிள்ளையும் சொல்லும்.

சோர்வும் அழற்சியும்

இனி, வலிப்பும் அலறலும் இல்லாத நோய்க்கு வருவோம். நம் சேரியிலிருந்து முதன்முதலாகப் பொறியியல் கல்லூரிக்குச் சென்ற ஓர் இளைஞர், மூன்றாம் ஆண்டில் வீடு திரும்பினார். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். உண்பதில்லை, பேசுவதில்லை, நண்பர் வந்தால் முகம் கொடுப்பதில்லை. ஊர் அவரைச் சோம்பேறி என்றது. வட்டிக்குக் கடன் வாங்கிப் படிக்க வைத்த தந்தையோ, 'எல்லாம் வீண்' என்று தலையில் அடித்துக்கொண்டார்.

நமக்குக் காய்ச்சல் வந்த நாளை எண்ணிப் பார்ப்போம். சோறு வேண்டாம், பேச்சு வேண்டாம், விளக்கு வேண்டாம், ஒரு மூலை போதும் என்று கிடக்கிறோம் அல்லவா? அது நம் விருப்பமன்று; உடல் இடும் ஆணை. எதிர்ப்பாற்றல் செல்கள் 'சைட்டோகைன்' என்னும் வேதிப்பொருள்களை அனுப்பி, 'ஓய்ந்து கிட' என்று மூளைக்குச் சொல்கின்றன. இந்த நிலையும் மனச்சோர்வு நோயும் உடன்பிறப்புகளைப் போல ஒத்திருப்பதை அறிஞர்கள் கவனித்தனர்.

ஐயத்தை வலுப்படுத்திய நிகழ்ச்சி ஒன்று உண்டு. கல்லீரலைத் தாக்கும் சி வகை வைரசுக்கு முன்னாளில் 'இன்டர்பெரான்' என்னும் ஊசி மருந்து போடப்பட்டது. அதுவும் ஒரு சைட்டோகைனே. முன்பு மனநோய் ஏதும் இல்லாதவர் பலர், அம்மருந்து தொடங்கிய சில வாரங்களில் ஆழ்ந்த மனச்சோர்வுக்கு ஆளாயினர். உடம்பில் செலுத்திய ஒரு பொருள் மனத்தை இருளச் செய்தது! மனம் வேறு, உடம்பு வேறு என்று கோடு கிழித்து வைத்திருந்தோர் அக்கோட்டை அழிக்க வேண்டியதாயிற்று.

ஆனால் ஆராய்ச்சியைப் பற்றிப் பேசுவோர் அளவறிந்து பேசுதல் வேண்டும். மனச்சோர்வு அனைத்தும் அழற்சியால் வருவதன்று. சோர்வுற்றோருள் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கே இரத்தத்தில் அழற்சியின் அடையாளம் தெளிவாக மிகுந்திருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. 2013இல் வெளியான ஓர் ஆய்வில், மற்ற மருந்துகளுக்கு இணங்காத சோர்வு நோயாளர்க்கு அழற்சியைத் தணிக்கும் 'இன்ப்ளிக்சிமாப்' என்னும் மருந்து தரப்பட்டது. மொத்தத்தில் பார்த்தால் அது வெறும் உப்புநீர் ஊசியை விட மேலானதாக இல்லை. ஆயினும் தொடக்கத்திலேயே அழற்சி மிகுந்திருந்தவர்க்கு மட்டும் பயன் தெரிந்தது. ஒரே பெயரால் அழைக்கப்படும் நோய்க்குள் பல வழிகள் உள்ளன என்பதே இதன் பாடம். ஆகவே கடையில் தாமே மாத்திரை வாங்கி விழுங்குவது அறியாமை. மருத்துவரைக் காண்பதே முறை.

இழிவும் உடம்பைச் சுடும்

இங்கே நம் சமூகம் சிறப்பாகக் கருத வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஜெர்மனியின் திரியர் பல்கலைக்கழகத்தார் 1993இல் ஒரு சோதனை முறையை வகுத்து வெளியிட்டனர். ஒருவரை நடுவர் குழுவின் முன் நிறுத்திப் பேசச் சொல்வர். பின்னர் மனக்கணக்குப் போடச் சொல்வர். நடுவர் முகத்தில் புன்னகை இராது. தவறினால் மீண்டும் முதலிலிருந்து தொடங்கச் சொல்வர். சிறிது நேரச் சோதனைதான். ஆயினும் மன அழுத்தத்தின் சுரப்பாகிய கார்ட்டிசால் உயர்கிறது. பின்வந்த ஆய்வுகளில் அழற்சிக்குரிய வேதிப்பொருள்களும் இரத்தத்தில் உயரக் கண்டனர்.

சில நிமிடச் சிறுமைக்கே உடம்பு இவ்வாறு கொதிக்குமானால், பிறந்த நாள் முதல் பெயரைக் கேட்டதும் ஊரைக் கேட்பதும், ஊரைக் கேட்டதும் தெருவைக் கேட்பதுமாக வளரும் பிள்ளையின் உடம்பு என்ன பாடு படும்? கரும்பலகையின் முன் நிறுத்தி, 'உனக்கெல்லாம் எதற்குப் படிப்பு?' என்று கேட்ட ஆசிரியர்களை நம்மில் எத்தனை பேர் கண்டிருக்கிறோம்! பிரம்படி ஒரு நாளில் ஆறும், அச்சொல் ஆறுவதில்லை. ஆசிரியத் தொழிலில் இருக்கும் நாம் இதனை முதலில் நமக்கே சொல்லிக்கொள்கிறோம். அந்தப் பொறியியல் மாணவரும், கல்லூரி விடுதியில் தமக்கு வைக்கப்பட்ட பட்டப்பெயரைப் பின்னர்தான் வாய்விட்டுச் சொன்னார்.

'மனத்திடம் இல்லாதவன்' என்று எவரையும் இகழாதீர். அண்ணல் அம்பேத்கர் வெளிநாட்டில் உயர்கல்வி பெற்று 1917இல் பரோடாவிற்குப் பணியாற்றச் சென்றபோது, தங்கியிருந்த பார்சி விடுதியிலிருந்து சாதியின் பெயரால் வெளியேற்றப்பட்டார். பல ஆண்டுகள் கழிந்த பின்னும் அந்நிகழ்ச்சியைக் கண்ணீரின்றி நினைக்க இயலவில்லை என்பதைத் தம் நினைவுக் குறிப்புகளில் அவரே பதிவு செய்திருக்கிறார். அரசியல் சட்டத்தை வரைந்த கைக்குரியவரின் கண்ணிலும் நீர் இருந்தது. கண்ணீர் கோழைத்தனம் அன்று.

எனவே நமக்கு இரண்டு கடமைகள் உள்ளன. நோயுற்றவனுக்கு மருந்து வேண்டும். நோயை வளர்க்கும் இழிவும் ஒழிய வேண்டும். மருந்து போதும், போராட்டம் வேண்டா என்பாரும் தவறுகின்றனர். போராட்டம் போதும், மருந்து வேண்டா என்பாரும் தவறுகின்றனர்.

பரிசலும் பட்டும் கடலட்டையும்

அறிவியல் இனி எங்கே செல்கிறது என்பதையும் இளைஞர்கள் அறிதல் நன்று. மருந்துக்கு இணங்காத கடுஞ்சோர்வுக்கு மூளையின் உட்பகுதியில் மெல்லிய மின்முனையைப் பதித்து, சிறு மின்துடிப்புத் தரும் முயற்சியை 2005இல் கனடாவின் டொராண்டோ நகரில் எலன் மேபெர்க் குழுவினர் வெளியிட்டனர். 6 நோயாளருள் 4 பேர் நிலையான நலம் பெற்றனர். பின்னர் நடந்த பெரிய ஆய்வில் அத்தகைய தெளிவான பயன் கிட்டவில்லை, ஆராய்ச்சி தொடர்கிறது.

இத்தகைய கருவிகளுக்கு ஓர் இடையூறு உண்டு. மூளை கெட்டித்தயிர் போல மெத்தென்றது. சிலிக்கனால் ஆன மின்முனையோ அதைவிடக் கோடி மடங்கு விறைப்பானது. மூச்சு விடும்போதும் நாடி துடிக்கும்போதும் மூளை சிறிதே அசைகிறது. விறைத்த முனை அசையாமல் உராய்கிறது. காவல் செல்கள் அதனை முள் என்று கருதிச் சூழ்ந்து கொள்கின்றன. அழற்சி தோன்றித் தழும்பு மூடுகிறது. மாதங்கள் செல்லச் செல்லக் கருவி செவிடாகிறது. அழற்சியை ஆராயச் சென்ற கருவியே அழற்சியை உண்டாக்குகிறது!

இதற்கு விடையை அறிஞர்கள் உயிரினங்களிடம் தேடினர். நம் மன்னார் வளைகுடாவில் வாழும் கடலட்டையை இராமநாதபுரத்து மீனவர் நன்கு அறிவர். தொட்டால் அதன் தோல் நொடிகளில் விறைக்கும். விட்டால் மீண்டும் குழையும். இந்தத் தோலின் அமைப்பைப் பின்பற்றி, 2008இல் அமெரிக்காவின் கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத்தார் ஒரு புதுப்பொருளை ஆக்கினர். உலர்ந்த நிலையில் அது விறைப்பாக இருந்து மூளைக்குள் எளிதில் நுழையும். உள்ளே ஈரம் பட்டதும் மென்மையாகிவிடும்.

மற்றொன்று நம் மாவட்டத்திற்கே உரியது. தருமபுரிப் பட்டுக்கூடு அங்காடிக்கு நம்மவர் கூடை கூடையாகக் கொண்டு செல்லும் பட்டுக்கூட்டை எண்ணுங்கள். பட்டிலிருந்து பிரித்தெடுத்த புரதத்தால் மெல்லிய ஏடு செய்து, அதன்மேல் தலைமயிரினும் மெல்லிய மின்முனை வலையை வைத்து, 2010இல் இல்லினாய், டப்ட்ஸ் ஆகிய பல்கலைக்கழகங்களின் அறிஞர்கள் விலங்கின் மூளையில் பதித்துக் காட்டினர். பட்டு கரைந்து மறைகிறது. வலை, ஈரத்துணி பழத்தின்மேல் படிவது போல, மூளையின் மேடு பள்ளங்களில் படிந்துவிடுகிறது.

இவையெல்லாம் புதுமை என்று வியக்கும் நாம், இதோ ஆற்றில் மிதக்கும் பரிசலை மறந்துவிட வேண்டா. மூங்கில் பின்னி, முன்னாளில் தோல் போர்த்தி ஆக்கிய கலம் அது. விறைத்த மரப்படகு பாறையில் மோதிப் பிளக்கும் இடத்தில், பரிசல் வளைந்து கொடுத்துச் சுழன்று கரை சேரும். தோலை வேலை செய்த கைகளை ஊர் தீண்டத்தகாதவை என்றது. ஆனால் அக்கைகள் பதமாக்கிய தோலின்மேல் ஏறித்தான் அனைவரும் ஆற்றைக் கடந்தனர். பொருளின் குணமறிந்து பயன்கொள்வதே அறிவியல் என்றால், நம் முன்னோரும் அறிவியலாரே. அவர்களுக்கு மறுக்கப்பட்டது அறிவன்று, ஆய்வுக்கூடத்தின் வாயில். அவ்வாயிலை நம் பிள்ளைகள் திறக்க வேண்டும். பட்டுக்கூடு வளர்ப்பவரின் மகள் பட்டு மின்முனை செய்யும் நாள் வர வேண்டும்.

இக்கருவிகளுள் பெரும்பாலானவை இன்னும் ஆய்வுக்கூட நிலையிலேயே உள்ளன. இவற்றைக் காட்டி உடனடி மருத்துவம் என்று பணம் பறிப்பார் வந்தால் நம்பாதீர்.

இன்று நாம் செய்யத்தக்கது

2001 ஆகஸ்டு 6 அன்று, இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், மனநோயாளர் தங்கியிருந்த கீற்றுக்கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓட இயலாமல் 28 பேர் மாண்டனர். அவர்களை அங்கே கொண்டுவந்து விட்டவர் பகைவர் அல்லர். வேறு வழி தெரியாத பெற்றோரும் உடன்பிறந்தாருமே. அறியாமை அன்புடையாரையும் கொடியவராக்கும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ள 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளரைச் சங்கிலியால் பிணைப்பதைத் தடை செய்கிறது. உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கொண்டு, அவருக்கு உதவ வேண்டும் என்கிறது. சட்டம் வந்தும் பயன் எட்டவில்லை. பெங்களூர் ஓசூர் சாலையிலுள்ள நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16இல் நடத்திய தேசிய ஆய்வின்படி, வயது வந்தோருள் நூற்றுக்கு 10.6 பேர் ஏதேனும் ஒரு மனநோயால் துன்புறுகின்றனர். நோய்க்கேற்ப அவர்களுள் நூற்றுக்கு 70 முதல் 92 பேர் வரை சிகிச்சை பெறவில்லை.

அந்தப் பொறியியல் மாணவரைத் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். ஊசியுமில்லை, கருவியுமில்லை, எளிய மாத்திரைகளும், வாரந்தோறும் பொறுமையாகக் கேட்டு நிகழ்ந்த பேச்சுமே மருத்துவம். நலம் தெரியச் சில வாரங்கள் ஆயின. தந்தையார் வேலை நாள் கூலியை இழந்து ஒவ்வொரு முறையும் உடன் சென்றார். இன்று அம்மாணவர் பட்டம் பெற்றுப் பணியில் இருக்கிறார். மருந்தை இன்னும் உட்கொள்கிறார். சர்க்கரை நோய்க்கு மாத்திரை உண்பதில் வெட்கம் இல்லை எனில், இதில் மட்டும் என்ன வெட்கம்?

ஆகவே இம்முகாமின் முன் சில வேண்டுகோள்களை வைக்கிறோம். இரண்டு வாரத்திற்கு மேல் ஒருவர் உறக்கமின்றி, உணவின்றி, பேச்சின்றி ஒடுங்கிக் கிடந்தால், அவரைக் கழகத்தின் இளைஞர் இருவர் மருத்துவமனைக்கு உடன் அழைத்துச் செல்ல வேண்டும். காய்ச்சலோடும் வலிப்போடும் மனம் தடுமாறினால் ஒரு நாளும் தாழ்த்தலாகாது. 'சாக வேண்டும்' என்று ஒருவர் சொன்னால் அதனை விளையாட்டாகக் கொள்ளாமல், தனியே விடாமல், அவரோடு இருங்கள். 2022 அக்டோபர் 10 முதல் செயற்படும் 14416 என்னும் தொலைபேசி எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றி ஆலோசனை பெறலாம். இந்த எண்ணை ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் எழுதி வையுங்கள். கோயிலுக்குச் செல்வோரைத் தடுக்க வேண்டா. அருவியில் நீராடி எண்ணெய் தேய்த்துக்கொள்வோரையும் தடுக்க வேண்டா. அவை மனத்திற்கு ஆறுதல் தரும். ஆனால் மருத்துவமனைக்குப் போன பின் கோயிலுக்குப் போங்கள்.

இந்தக் கழகம் தொடங்கிய நாளில் நம் தெருவில் பள்ளியிறுதி கடந்தவரை விரல்விட்டு எண்ணலாம். இன்று பட்டதாரிகளை எண்ண இரு கை போதாது. படிக்க வைத்தோம், இனிப் படித்த பிள்ளைகளை இழக்காமலும் காப்போம். துன்புறும் பிள்ளையைப் பார்த்து, 'அது பேயன்று, விதியன்று, சோம்பலன்று. அது நோய், அதற்கு வழியுண்டு, நாங்கள் உடன் வருகிறோம்' என்று சொல்லும் ஒரு குரல் ஒவ்வொரு தெருவிலும் ஒலிக்குமானால், இவ்வெள்ளி விழா உண்மையில் விழாவாகும்.

 வாழ்க அண்ணல் புகழ்! வளர்க நம் கல்விக் கழகம்!